சலூன் கிளியும் பீம்ராவின் கையும்

பீம்ராவ் ரகசியம் பேசினால் எதிர் பிளாக்கில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவது மாடியில் சாப்பிட உட்கார்ந்து, "கெங்கா, கொழம்புல உப்பு கம்மியா கீது" என்று அவர் மனைவியிடம் சொன்னால், கீழே குழாயடியில் நிற்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி குடத்தைக் கவனிப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் அந்த வீட்டில் தினமும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். பழகியவர்களுக்குத் தெரியும், அந்த மனுஷன் யாரையும் ஒரு அடி அடித்ததில்லை, கெட்ட வார்த்தை பேசினதில்லை. வாழ்நாளெல்லாம் ஹார்பரில் கழித்தவர் வேறு எப்படிப் பேசுவார்?

அவர் பார்த்த வேலைக்குப் பெயர் சிக்னல்மேன். கப்பலின் மேல்தளத்தில், சரக்கு அறையின் வாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கிரேன் ஓட்டுகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே மூட்டை அடுக்குகிறவர்களுக்கு மேலே என்ன வருகிறது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் பீம்ராவின் கை. கை தலைக்கு மேலே போய் விரல் சுழன்றால் தூக்கு. விரித்த உள்ளங்கை தாழ்ந்தால் இறக்கு. முஷ்டி மடங்கினால் நிறுத்து. இயந்திரம் போடுகிற இரைச்சலில் வாயால் சொல்வது யாருக்கும் கேட்காது. இருந்தாலும் கையோடு வாயும் சேர்ந்து கத்தும். அந்த இரைச்சலில் பாதிக் காது போயிற்று. மீதிக் காதுக்குத் தன் குரல் எட்டாததால் குரல் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் கை காட்டி இறக்கிய சரக்கு ஒருத்தன் தலையிலும் விழுந்ததில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு, அது நியாயமான கர்வம்தான்.

கன்டெய்னர் வந்தது, கூலியாட்கள் தேவைப்படாமல் போனார்கள். தொண்ணூறுகள் முடிகிற சமயம் விருப்ப ஓய்வு என்று சொல்லி பீம்ராவையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போனதே தவிர, கை போகவில்லை. டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னாலும் கை தலைக்கு மேலே போகும். பஸ் ஸ்டாப் பக்கம் நின்று யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால், நிற்க வேண்டாத பஸ்ஸெல்லாம் பிரேக் போட்டு நிற்கும். கண்டக்டர் திட்டிவிட்டுப் போவார். தன்னை ஏன் திட்டுகிறார் என்று பீம்ராவுக்கு விளங்கவே விளங்காது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பேத்தி தன் மடியில் வந்து உட்கார வேண்டும்.

ஒரே மகள் செங்கொடி. ஹார்பர் போராட்டம் ஒன்று ஜெயித்த வாரத்தில் பிறந்தவள், அதனால் அந்தப் பெயர். மருமகன் வல்லரசுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை. நினைத்தால் ரயிலேறி வந்துவிடுகிற தூரம்தான். மாதத்தில் ஒரு ஞாயிறோ இரண்டு ஞாயிறோ மகள் வருவாள், கூடவே நாலு வயது யசோதரா. அந்தக் குழந்தை யாரிடமும் போகும். பக்கத்து வீட்டு ஜன்னத்தின் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பாட்டி கெங்கம்மா பால்வாடியில் ஆயா. அவளைக் கண்டால் எந்தக் குழந்தையும் ஒட்டிக்கொள்ளும், சொந்தப் பேத்தியைக் கேட்கவே வேண்டாம். தாத்தாவைக் கண்டால் மட்டும் யசோ அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். "வாம்மா, என் கண்ணு, என் ராசாத்தி!" என்று பீம்ராவ் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஆசையாக வருவார். குழந்தை வீறிட்டு அழும். அழுகிறதே என்று இவர் இன்னும் ஆசையாக, இன்னும் உரக்க அழைப்பார். அப்புறம் சமாதானப்படுத்துவதற்கு ஊர் கூடும்.

அந்த வருஷம் தை மாதத்தில் மருமகனுக்கு மேட்டூருக்கு மாற்றல் வரப்போவதாகச் செய்தி வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் போய்விடுவார்கள். மேட்டூர் போனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் உண்டு. தன் கை ஸ்பரிசம் தெரியாமலே, பயம் மட்டும் தெரிந்து பேத்தி போய்விடுமே என்று பீம்ராவுக்கு மனசு அடித்துக்கொண்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர் பிளாக்கும் கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

அப்போதுதான் கிளி வந்தது. ராயபுரம் கல்மண்டபத்தில் துரை என்பவர் சலூன் வைத்திருந்தார். ஹார்பர் நாட்களிலிருந்து பீம்ராவுக்கு அங்கேதான் முடிவெட்டு. வாசலில் தொங்கிய கூண்டில் ஒரு பச்சைக்கிளி, கழுத்தில் ஆரம் போட்ட ஆண்கிளி. முறைக்காகக் காத்திருக்கும் பையன்களுக்கு வேறு என்ன வேலை? சீப்பை விட்டுக் குத்துவார்கள், பென்சிலை விட்டு நோண்டுவார்கள், கூண்டைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவார்கள். அது விரலைக் கவ்வினால் கைதட்டிச் சிரிப்பார்கள். ராயபுரத்தில் பாக்ஸிங் தெரியாத பிள்ளை கிடையாது. கடிக்கிற கிளிக்கு டைசன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கட்டடத்துக்காரர் இடத்தைக் கேட்டதால் துரை கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். "இத்த எங்க இஸ்துகினு போறதுன்னு தெரியலண்ணே. நீ வோணும்னா எத்துனு போ. ஆனா ஒண்ணு, கடிக்கும்" என்றார்.

"கிளி கடிச்சா இன்னாடா? ஆளையா முழுங்கப் போவுது?" என்றார் பீம்ராவ். தெருமுனையில் நின்றவன் திரும்பிப் பார்த்தான்.

அவருடைய கணக்கு எளிமையானது. கிளி என்றால் குழந்தைக்கு உயிர். கிளியைப் பார்க்க வருகிற குழந்தை, கிளிக்குப் பக்கத்தில் நிற்கிற தாத்தாவைப் பார்க்காமலா போகும்? கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே பேத்தி தோளில் சாய்ந்துவிட்டது போல அவருக்கு இருந்தது.

கூண்டை பால்கனிக் கதவுக்கு நேரே, போகிற வருகிற வழியில், உத்தரத்துக் கொக்கியில் மாட்டினார். சலூனில் அப்படித்தான் மாட்டியிருந்தது. "டைசன் கண்ணு!" என்று கையை உயர்த்திக் கூண்டுக்குள் ஒரு கொய்யாத் துண்டை நீட்டினார். கொய்யா கீழே விழுந்தது, விரலிலிருந்து ரத்தம் வந்தது, அவர் போட்ட சத்தத்தில் கிளி கூண்டைச் சுற்றிச் சுற்றி மோதியது. அடுத்த நாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே. கெங்கம்மா மட்டும் பச்சைமிளகாயைக் கம்பியில் சொருகிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். அவளை அது ஒன்றும் செய்யாது.

"ஒன்ன மட்டும் ஏன்மே கடிக்க மாட்டேங்குது?"

"நான் அத்த கண்டுக்கறதே இல்ல. நீ பொயுது விடிஞ்சா அதும் மூஞ்சிலதான் முழிக்கிற. அத்தோட, டைசன் டைசன்னு கூப்ட்டா அது கடிக்காம கொஞ்சவா செய்யும்?" என்றாள் கெங்கம்மா. அவள் அதைப் பச்சை என்றுதான் கூப்பிட்டாள்.

ஒரு நாள் பீம்ராவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எத்தனையோ டன் இரும்பைத் தன் சொல்படி கேட்க வைத்தவன், ஒரு கைப்பிடிக் கிளியிடம் தோற்பதா? பரணிலிருந்து ஹார்பரில் போட்ட பழைய தோல் கையுறைகளை எடுத்து மாட்டினார். கூண்டுக்குள் கையை விட்டுக் கிளியைப் பிடித்தார். பிடித்தால் பழகிவிடும், தன்னால் ஆபத்து இல்லையென்று அதற்குப் புரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். கிளி அலறியது. அப்படி ஒரு அலறலை அவர் கேட்டதில்லை. பாதிக் காதுக்கே அது கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தோலைக் கடித்துக் குதறியது, உதறியது, வாலிலிருந்து ஒரு நீள இறகு பிய்ந்து கையோடு வந்தது. விட்டதும் கூண்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அன்றைக்கும் மறுநாளும் அது ஒரு பருக்கை தொடவில்லை.

பீம்ராவும் சரியாகச் சாப்பிடவில்லை. "செத்துடுமா மே?" என்று கெங்கம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை, கையுறைகளை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் காலையில் கிளி ஒரு மிளகாயைக் காலில் பிடித்துக் கொறித்தபோது இரண்டு பேருக்கும்தான் உயிர் வந்தது.

அந்த வாரம் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஸ்டானிஸ்லாஸ் கிரேன் ஓட்டியவர், சிலுவைமுத்து கப்பலுக்குள் மூட்டை அடுக்கியவர். அந்தச் சின்ன ஹாலில் மூன்று ஹார்பர்காரர்கள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லி விளக்க முடியாது. சிலுவைமுத்து, ஒருமுறை உரமூட்டைச் சிப்பம் அந்தரத்தில் நின்றுபோன கதையை எடுத்தார். சிப்பம் எங்கே தொங்கியது என்று காட்ட அவர் கை மேலே போனது. இல்லை, இன்னும் இந்தப் பக்கம் என்று ஸ்டானிஸ்லாஸ் கை மேலே போனது. பீம்ராவ் எழுந்து நின்று இரண்டு கைகளாலும் அந்தச் சிப்பத்தை மறுபடியும் இறக்க ஆரம்பித்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூன்று பேருக்கும் மற்றவர் பேசுவது கேட்கவில்லை, மூன்று பேரும் கையைப் பார்த்தே கதையைப் புரிந்துகொண்டார்கள்.

கூண்டில் கிளி பித்துப் பிடித்ததுபோல் மோதிக்கொண்டிருந்தது. பீம்ராவ்தான் முதலில் பார்த்தார். "டேய், கம்முனு இருங்கடா! கிளி மெர்சலாவுது!" என்று கத்தி, நிறுத்தச் சொல்லி முஷ்டியை உயர்த்தினார். கிளி கம்பை விட்டுத் தொப்பென்று கூண்டின் தரையில் விழுந்தது.

"மாமு, மொதல்ல உன் கைய எறக்கு" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

பீம்ராவ் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். அது தலைக்கு மேலே, கூண்டுக்குப் பக்கத்தில், முஷ்டி மடங்கி நின்றுகொண்டிருந்தது. அதை யார் அங்கே தூக்கிக்கொண்டு போனது? சத்தியமாக அவருக்குத் தெரியாது. மெதுவாக இறக்கினார். கிளி அசையாமல் அந்தக் கையையே பார்த்தது. மறுபடி லேசாக உயர்த்தினார். கிளி இறகை ஒடுக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. இறக்கினார், நின்றது. இத்தனை நாளும் கிளிக்குக் கோபம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்குக் கோபமில்லை, வெறும் பயம். சீப்பும் பென்சிலும் பிடித்த கைகளெல்லாம் இப்படி மேலே உயர்ந்துதான் வந்திருக்கும். இங்கே வந்தால் இங்கேயும் ஒரு கை நாளெல்லாம் மேலே பறந்துகொண்டிருக்கிறது. கடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்த ஞாயிறு செங்கொடி வந்தாள். குழந்தை ஜன்னத் வீட்டுக்கு ஓடிவிட்டது. பீம்ராவ் தான் கண்டுபிடித்ததை மகளிடம் பெருமையாகச் சொன்னார். "கடிக்கிறதெல்லாம் சும்மாம்மா. அதுக்கு என் கையப் பாத்து பயம். கைதான் மேட்டர்!" சொல்லும்போதே கை மேலே போயிற்று, சட்டென்று பிடித்து இழுத்துக்கொண்டார்.

செங்கொடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "எனக்கும்தான் நைனா."

"இன்னாது?"

"சின்ன வயசுல. உன் கை மேல போச்சுன்னா நான் கண்ண இறுக்கி மூடிக்குவேன். நீ என்னிக்கும் அடிச்சதில்ல, எனக்கும் தெரியும். ஆனா கண்ணு தானா மூடிக்கும். யசோவும் அதான் பண்ணுது."

இதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்பதுபோல் சொல்லிவிட்டு அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். மகள் பிறந்ததிலிருந்து அவளைப் பட்டுப்போல் வளர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தவர் பீம்ராவ். ஹார்பரில் ஒருத்தனுக்கும் அடிபடாமல் பார்த்துக்கொண்ட அதே கை, வீட்டில் ஒரு பெண்குழந்தையைக் கண்ணை மூட வைத்திருக்கிறது. அவர் பால்கனிக்குப் போய், எண்ணூர்ப் பக்கம் புகைகிற சிம்னிகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். இரவு சாப்பிடும்போது உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினார். வழியில் வேண்டாம் என்று, ஹாலின் மூலையில் ஒரு ஸ்டூல்மேல் வைத்து, ஒரு பக்கம் சுவரும் ஒரு பக்கம் பழைய லுங்கியுமாக மறைத்தார். பயந்தால் கிளி ஒதுங்க ஒரு இடம் வேண்டுமல்லவா? தானும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இப்போது கிளி மேலே, அவர் கீழே. கைகளை என்ன செய்வது என்பதுதான் பெரிய பிரச்சினை. சும்மா விட்டால் பறந்துவிடும். இரண்டு தொடைக்கும் அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மடிக்குமேல் தொப்பை தெரிந்தது, பக்கத்தில் கையைக் காணோம்; ஜன்னத் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, கைய யாராவது எத்துனு பூட்டாங்களா?" என்று கேட்டாள்.

குரலுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. மெதுவாகப் பேசுகிறோமா இல்லையா என்பது அவர் காதுக்குத் தெரியாது. அதற்குக் கெங்கம்மா உதவினாள். சமையலறை வாசலில் நின்றுகொண்டு, விரித்த உள்ளங்கையைக் கீழே தாழ்த்துவாள்: இறக்கு. இன்னும் இறக்கு. போதும். ஊருக்கெல்லாம் கை காட்டியவருக்கு வீட்டில் ஒரு சிக்னல்மேன் கிடைத்தாள். ஆரம்பத்தில் சிரிப்பும் சண்டையுமாகத்தான் போயிற்று. "இத்தவிட எறக்குனா நான் செத்தேபூட்டேன்னு நெனச்சுக்குவாங்கமே!" என்பார். அவள் உள்ளங்கையை இன்னும் தாழ்த்துவாள்.

முதலில் அவர் ஒன்றுமே செய்யவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிளியை நேராக முறைக்காமல், தினத்தாளைத் தரையில் விரித்துப் படித்தார். கிளி பயந்து ஒதுங்கினால் அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அது இறகைத் தளர்த்தி அலகைத் தேய்த்தால் மட்டும் அரை அங்குலம் நகர்ந்து வந்தார். அப்புறம் முருங்கைக்காயில் ஒரு நீளத் துண்டை எடுத்து, அதன் நுனியைக் கம்பிக்குள் விட்டார், கையைக் கீழேயே வைத்துக்கொண்டு. கிளி அந்த நுனியைக் கொறித்தது. அதற்கு அவர் கை தூரத்தில் இருந்தது, அவருக்கு அதன் அலகு தூரத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் நிம்மதி. நாளாக ஆகத் துண்டு குட்டையாகிக்கொண்டு வந்தது. முருங்கைக்காய் போய்ப் பச்சைமிளகாய் வந்தது. கடைசியில் ஒரு வேர்க்கடலை.

அதற்குள் அவர் வேறொன்றைக் கற்றுக்கொண்டிருந்தார். கிளியும் சிக்னல் கொடுக்கிறது. கடிப்பதற்கு முன்னால் அதன் கண்ணின் கருமணி சட்சட்டென்று சுருங்கி விரியும். தலை இறகு படிந்து உடம்பு ஒல்லியாகும். வால் விசிறிபோல் விரியும். அதெல்லாம் "நிறுத்து" என்று அது சொல்வது. கண்ணை அரைவாசி மூடி ஒற்றைக் காலில் நின்றால் "வா, பரவாயில்லை" என்று அர்த்தம். காலமெல்லாம் தான் கை காட்ட, அடுத்தவர்கள் பார்த்து நடந்தார்கள். அடுத்தவர் காட்டுவதைத் தான் பார்த்து நடந்ததில்லையே என்று அவருக்குத் தோன்றியது. அது நிறுத்தச் சொன்னபோதெல்லாம் நிறுத்தினார். நிறுத்துகிறார் என்று தெரிந்ததும் கிளிக்குக் கடிக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

சும்மா ஒன்றும் நடந்துவிடவில்லை. இரண்டு அடி முன்னால் போனால் ஒரு அடி பின்னால் வரும். ஒரு நாள் தும்மினார், அவ்வளவுதான், ஒரு வார உழைப்பு போயிற்று. இன்னொரு நாள் யாரோ கதவை ஓங்கி அடிக்க, பழக்கதோஷத்தில் கை மேலே போய்விட்டது. "பேஜாரு புடிச்ச கை!" என்று தன் கையையே திட்டினார், ஆனால் மெதுவாகத் திட்டினார். கடித்தால் கையை இழுக்கக் கூடாது, கத்தக் கூடாது என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். இழுத்தால் அது இன்னும் இறுக்கும். கத்தினால் இன்னும் மிரளும். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே வைத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் அதுவே விட்டுவிடும்.

சித்திரை வெயிலில் ஒரு பிற்பகல், கூண்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தினத்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். கிளி வெளியே வந்தது. ஸ்டூலிலிருந்து அலகால் பற்றிப் பற்றி இறங்கித் தரையில் கோணல் நடை நடந்து வந்து, அவருடைய கால் கட்டைவிரலை ஆராய்ந்தது. பீம்ராவ் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு வேப்பங்குச்சியைத் தாழ்வாக அதன் வயிற்றுக்கு நேரே நீட்டினார். கிளி குச்சியில் ஒரு காலை வைத்தது, யோசித்தது, இன்னொரு காலையும் வைத்தது. அடுத்த வாரம் குச்சியின் இடத்தில் விரல் இருந்தது. விரலைச் சுற்றி அந்தச் சின்ன நகங்கள் பிடித்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும், ஆனால் கத்தக் கூடாது. அவள் தானாகத் திரும்பிப் பார்க்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மேட்டூருக்குச் சாமான் ஏற்றுவதற்கு முந்தின ஞாயிறு செங்கொடி குழந்தையோடு வந்தாள். அதுதான் கடைசி வரவு. அன்றைக்கு பீம்ராவ் வாசலுக்கு ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். விரலில் கிளி இருந்தது. யசோ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. வழக்கமாக வருகிற சத்தத்துக்காகக் காத்திருப்பதுபோல் காத்திருந்தது. சத்தம் வரவில்லை. முந்தானையை விடாமலே ஒரு அடி முன்னால் வந்தது.

"கடிக்குமா?" என்று கேட்டது. அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

பீம்ராவ் கெங்கம்மாவைப் பார்த்தார். அவள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள். "பயந்தா கடிக்கும். நாம பயமுறுத்தலன்னா கடிக்காது" என்றார். குழந்தை முந்தானையை விட்டுவிட்டு இன்னும் ஒரு அடி வந்தது. இடையில் ஒரு ஆள் உட்காரும் தூரம்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தானா கீழே சாவு ஊர்வலம் வர வேண்டும்? பறைச் சத்தம் தூரத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் காதுக்கு அது எட்டவில்லை. பிளாக்கின் வாசலில் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். கட்டடமே அதிர்ந்தது. குழந்தை கத்திக்கொண்டு ஓடி அம்மாவின் பின்னால் ஒளிந்தது. கிளி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்தது. செங்கொடி "ஐயோ நைனா!" என்று அலறினாள். கெங்கம்மா "மஞ்சப்பொடி! துணி எங்கடி கீது?" என்று இங்கும் அங்கும் ஓடினாள். பழைய பீம்ராவ் என்றால் கையை உதறின உதறலில் கிளி சுவரில் போய் மோதியிருக்கும், போட்ட சத்தத்தில் வெடிச்சத்தமே தெரிந்திருக்காது. அவர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தோ, முடிஞ்சிரும்" என்று மெதுவாகச் சொன்னார். கிளிக்குச் சொன்னாரா, குழந்தைக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்றால், மூன்று பேருக்கும்தான். கிளியின் அலகு தளர்ந்தது. அது அவர் கைவழியாகவே ஏறி, தோளுக்குப் போய், கழுத்தை ஒட்டிப் பதுங்கி நடுங்கியது. கடித்துவிட்டு அவரிடமே ஒளிந்துகொண்டது.

யசோ அம்மாவின் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு ரத்தம் வந்தும் தாத்தா கத்தவில்லை, கை மேலே போகவில்லை. வெடி இன்னும் ஓயவில்லை. குழந்தை காதை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு வெளியே வந்தது. மீதமிருந்த அந்தத் தூரத்தையும் நடந்து வந்து அவர் முன்னால் நின்று கையை உற்றுப் பார்த்தது.

"வலிக்குதா தாத்தா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஹார்பரில் கம்பிவடம் விரலை நசுக்கியபோதுகூட இல்லை என்றுதான் சொன்னவர். என்னமோ இந்தக் குழந்தையிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "வலிக்குதும்மா" என்றார்.

யசோ அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. தோளிலிருந்த கிளி ஒரு கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. குழந்தை அந்தப் பெரிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கி, காயத்தின்மேல் உஃப் உஃப் என்று ஊதியது. மஞ்சளும் துணியுமாக ஓடிவந்த இரண்டு பெண்களையும் திரும்பிப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னது: "தாத்தாவுக்கு வலிக்குது. யாரும் கத்தாதீங்க."

பீம்ராவ் அழுதார். வலியில் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டு குழந்தை இன்னும் வேகமாக ஊதியது.